திரை மூலமும் கையேட்டு உரையும்: தமிழ் மென்பொருள் கையேடுகளின் அச்செழுத்து மரபுகள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கணினித் தமிழ் குறித்து நம்மிடையே எழுதப்பட்டுள்ள கட்டுரைகள் பெரும்பாலும் மூன்று பொருள்களையே சுற்றி வந்துள்ளன. எழுத்துக் குறியேற்றம் ஒன்று, விசைப்பலகை மற்றொன்று, கலைச்சொல்லாக்கம் மூன்றாவது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை ஏற்பு பெற்றதும், 2001ஆம் ஆண்டு அம்மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் இத்துறையின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க நிகழ்வுகள். அவற்றில் நிகழ்ந்த விவாதங்களும் பெரும்பாலும் இம்மூன்று பொருள்களைத் தழுவியவையே. இவை இன்றியமையாதவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு அதனை விளக்கிச் சொல்லும் கையேடு என்னும் நூல் வகை நம் திறனாய்வாளர்களின் பார்வையில் போதிய அளவு படவில்லை. கவிதையையும் சிறுகதையையும் வரிக்கு வரி ஆராயும் நாம், பல்லாயிரம் ஆசிரியர்கள் நாள்தோறும் படித்து அதன்படி கைகளை இயக்க வேண்டிய ஓர் உரைநடையைத் தொழில்நுட்பர்களின் பொறுப்பில் விட்டுவிட்டோம்.

இக்கட்டுரை அவ்வுரைநடையின் ஒரு சிறு கூறினை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கையேடுகளில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, சம அகல எழுத்து, பெரிய எழுத்து, அடைப்புக்குறி ஆகியவை எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதே அக்கூறு. பார்வைக்கு இஃது ஒப்பனை போலத் தோன்றலாம். உண்மையில் இது சொல்லிலக்கணத்தைச் சார்ந்த சிக்கல் என்பதே நம் வாதம்.

மூன்று குரல்கள்

ஆங்கிலத்தில் வெளிவரும் கணினி நூல்களின் தொடக்கத்தில், ‘இந்நூலில் கையாளப்படும் மரபுகள்’ என்னும் பொருளில் ஒரு பக்கம் அமைந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஓ’ரைலி பதிப்பகத்தாரின் நூல்கள் இப்பக்கத்திற்குப் பெயர் பெற்றவை. திரையில் தோன்றும் பட்டிப் பெயர்கள் தடித்த எழுத்தில் வரும். பயனர் தம் விருப்பப்படி மாற்றி இட வேண்டியவை சாய்வெழுத்தில் வரும். உள்ளபடியே தட்டச்சு செய்ய வேண்டியவை சம அகல எழுத்தில் வரும் என்பன போன்ற குறிப்புகள் அதில் இடம்பெறும். நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இத்தகைய நடைநெறிகளைத் தொகுத்து 1995இல் தனி நூலாகவே வெளியிட்டது.

இம்மரபுகள் ஏன் தேவைப்படுகின்றன? ஒரு கையேட்டு வாக்கியத்தில் மூன்று குரல்கள் ஒலிக்கின்றன. கற்பிக்கும் ஆசிரியரின் குரல் ஒன்று. திரையில் தோன்றும் சொல், அதாவது பொறியின் குரல், மற்றொன்று. படிப்பவர் தாமே இட்டு நிரப்ப வேண்டிய சொல் மூன்றாவது. ‘கோப்பு என்பதைச் சொடுக்கி, சேமி என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பெயரைத் தட்டச்சு செய்க’ என்னும் வாக்கியத்தைக் காண்க. ‘கோப்பு’, ‘சேமி’ ஆகியவை பொறியின் சொற்கள். ‘உங்கள் பெயர்’ என்பது படிப்பவர் நிரப்ப வேண்டிய இடம். எஞ்சியவை ஆசிரியர் கூற்று. இம்மூன்றும் கலந்துவிட்டால் படிப்பவர் எதனைத் தேடுவது, எதனைத் தட்டச்சு செய்வது, எதனை வெறுமனே படித்துச் செல்வது என்று அறியமாட்டார்.

ஆங்கிலம் இப்பிரிவினையை எழுத்தின் வடிவத்தால் செய்துகொண்டது. அதற்கு வேண்டிய வடிவங்கள் ஏற்கெனவே அதன் அச்சுக்கூடத்தில் இருந்தன. சாய்வெழுத்து 1501ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் வெளியிட்ட வர்ஜிலின் நூலில் முழுநூலுக்குரிய எழுத்தாகவே பயன்பட்டது. நேரெழுத்துக்குத் துணையாக நின்று வேறுபாடு காட்டும் பணி அதற்குப் பின்னர் வந்து சேர்ந்தது. சம அகல எழுத்து தட்டச்சுப் பொறியின் வழி வந்தது. கோண அடைப்புக்குறி 1960ஆம் ஆண்டு வெளிவந்த ‘அல்கால்’ நிரல்மொழி அறிக்கையின் வழிப் பரவலாயிற்று. பெரிய எழுத்தின் வடிவமோ உரோமானியக் கல்வெட்டு வரை பின்செல்வது. ஆகவே, ஆங்கிலக் கையேட்டாசிரியர் புதிதாக எதனையும் படைக்கவில்லை. வீட்டில் இருந்த பாத்திரங்களையே எடுத்துப் புழங்கினார்.

தமிழ் அச்சின் வரலாறு வேறு. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி, தரங்கம்பாடி அச்சகத்தைக் கடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகள் வரையில் தமிழ் அச்சில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடும் இல்லை. சாய்வெழுத்துக்கென ஒரு மரபும் உருவாகவில்லை. தமிழ்ப் பதிப்பாளர் வேறுபாடு காட்ட நாடியது எழுத்தின் அளவையே. மூலம் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் அமையும். பின்னர் மேற்கோட்குறிகள் வந்து சேர்ந்தன. அளவும் குறியுமே நம் அச்சு மரபு; வடிவ மாற்றம் நம் மரபன்று.

கம்போங் ராஜாவில் கிடைத்த கையேடுகள்

கேமரன் மலையின் வடகோடியில், சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலை மலையைத் தொடும் இடத்தில் அமைந்துள்ளது கம்போங் ராஜா. புளூ வேலித் தேயிலைத் தோட்டமும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூர் அது. அவ்வட்டாரத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பல்வேறு காலங்களில் பயிற்சிகளுக்குச் சென்று பெற்றுவந்த நான்கு கையேடுகளை நாம் காண வாய்த்தது. நான்கும் தமிழில் எழுதப்பட்டவை. சொற்செயலி, தமிழ்த் தட்டச்சு, படவில்லைக் காட்சி ஆகியவற்றைக் கற்பிப்பவை. எழுதியோர், வெளியிட்டோர் பெயர்களை இங்குக் குறிப்பதில் பயனில்லை. இத்தகைய கையேடுகளைத் தொகுப்போர் பெரும்பாலும் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு எழுதும் ஆசிரியர்களே. நம் குறை அவர்கள்மீது அன்று. அவர்களுக்கு வழிகாட்ட ஒரு பக்கமும் எழுதித்தராத துறைகளின் மீதே.

நகர்ப்புறப் பள்ளியை விடுத்து இவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நகரத்தில் கையேடு தவறினால் அடுத்த மேசையில் இருப்பவரைக் கேட்கலாம். மாணவர் எண்ணிக்கையும் ஆசிரியர் எண்ணிக்கையும் குறைந்த தோட்டப்புறப் பள்ளியில் கணினியைப் பொறுப்பேற்றவர் பெரும்பாலும் ஒருவரே. அவருக்குக் கையேடே ஆசான். 2011ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் இடம்பெற்றதிலிருந்து, கற்பதோடு நில்லாமல் அதனைத் தமிழிலேயே மாணவருக்குக் கற்பிக்கவும் வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. எனவே, கையேட்டின் ஒவ்வொரு அச்சுப் பழக்கமும் அங்கேதான் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது.

முதலில், விசைகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கத்தைக் காண்போம். ஆங்கிலக் கையேடுகளில் இது பொதுவழக்கு. விசைப்பலகையின் மேலும் பெரிய எழுத்துகளே பொறிக்கப்பட்டுள்ளன. நான்கில் ஒரு கையேடு அஞ்சல் விசைமுறையைக் கற்பிக்கிறது. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் வழியாக மலேசியத் தமிழரிடையே வேரூன்றிய முறை அது. உரோமன் ஒலிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்ட இம்முறையில் சிறிய ‘எல்’ லகரத்தைத் தரும். பெரிய ‘எல்’ ளகரத்தைத் தரும். சிறிய ‘ஆர்’ ரகரத்தையும் பெரிய ‘ஆர்’ றகரத்தையும் தரும். அதாவது, ஆங்கிலத்தில் வெறும் தோற்ற வேறுபாடாகிய ஒன்று இங்கே எழுத்து வேறுபாடாகவே மாறிவிடுகிறது. நம் கையேடோ ‘பள்ளி’ என்னும் சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டிய விசைகள் அனைத்தையும் ஆங்கில வழக்கப்படி பெரிய எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறது. படிப்பவர் அவற்றை விசைப்பலகையில் பொறிக்கப்பட்ட பெயர்கள் எனக் கொண்டு வாளா அழுத்தினால் திரையில் தோன்றுவது ‘பல்லி’. பெரிய எழுத்துப் பூட்டை இட்டுக்கொண்டு அழுத்தினாலோ ளகரம் சரியாக வரும். ஆனால், உயிரெழுத்துகளும் நெடிலாகிவிடும். லகர ளகர வேறுபாட்டை உணர்த்துவதற்கு ஆண்டுதோறும் பாடுபடும் தமிழாசிரியருக்கு, ஓர் அச்சுப் பழக்கம் இழைக்கும் இடர் இது.

தமிழ்99 விசைமுறையைக் கற்பிக்கும் மற்றொரு கையேட்டில் இச்சிக்கல் எழவில்லை; ஆனால், வேறொன்று எழுகிறது. அம்முறையில் ககரம் ‘எச்’ என்று பொறிக்கப்பட்ட விசையில் அமைந்துள்ளது. ‘க விசை’ என்று ஓரிடத்திலும், அதே விசையை ‘எச் விசை’ என்று மற்றோரிடத்திலும் இக்கையேடு குறிக்கிறது. இரண்டும் ஒரே தடித்த எழுத்தில் உள்ளன. விசையின் மேல் உள்ள பெயர் எது, விசை தரும் எழுத்து எது என்பதைத் தடிப்பு உணர்த்தவில்லை. தடித்த எழுத்து ‘இது முக்கியம்’ என்று மட்டுமே சொல்கிறது. ‘இஃது எத்தகைய சொல்’ என்று சொல்வதில்லை.

தடித்த எழுத்துக்கு வேறொரு இன்னலும் உண்டு. தமிழ் எழுத்துகளில் சுழிகளும் உள்வெளிகளும் மிகுதி. ஞகரம், ணகரம், ‘ழு’ போன்றவற்றைச் சிறிய அளவில் தடிப்பாக்கினால் உள்வெளி அடைபடும். எழுத்துருவில் தடித்த வடிவம் தனியே வரையப்படாதபோது மென்பொருள் இயல்பு வடிவத்தையே செயற்கையாகத் தடிப்பாக்கிவிடும். சாய்வெழுத்தும் அவ்வாறே செயற்கையாகச் சாய்க்கப்படும். அச்சில் ஓரளவு தாங்கும் இவ்வடிவங்கள் ஒளிநகலில் தாங்குவதில்லை. கம்போங் ராஜாவில் நாம் கண்டவை நகலின் நகல்கள். அவற்றில் தடித்த சொற்கள் பலவும் கரும்புள்ளிகளாகவே நின்றன. எவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டுமென்று ஆசிரியர் எண்ணினாரோ அவையே படிக்க இயலாதவை ஆயின.

புணர்ச்சியும் தடித்த எழுத்தும்

மேற்கூறியவை நல்ல எழுத்துருவாலும் நல்ல அச்சாலும் தீரக்கூடியவை. இனிக் கூறுவது அவ்வாறு தீராது. இக்கட்டுரையின் மையமும் இதுவே.

ஆங்கிலத்தில் திரைச்சொல் வாக்கியத்தினுள் வரும்போது மாறுவதில்லை. ‘ஃபைல்’ என்பது எங்கு வரினும் ‘ஃபைல்’ என்றே நிற்கும். முன்னிடைச்சொற்கள் அதற்கு வெளியே நிற்கும். எனவே, அதனைத் தடித்த எழுத்தில் இட்டால் போதும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். ஒட்டும்போது சொல்லின் ஈறு திரியும் அல்லது கெடும். ‘கோப்பு’ என்பதோடு ‘இல்’ சேர்ந்தால் ‘கோப்பில்’ என்றாகும். ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு, நின்ற மெய்யின் மேல் இகரம் ஏறிவிடுகிறது. இப்பொழுது எதனைத் தடிப்பாக்குவது? ‘பி’ என்னும் எழுத்தின் மெய் திரைக்குரியது, உயிர் உருபுக்குரியது. ஓர் எழுத்தில் பாதியைத் தடிப்பாக்க இயலாது. முழுச்சொல்லையும் தடிப்பாக்கினால் திரையில் இல்லாத ஒரு சொல்லைப் படிப்பவர் தேடுவார். மகர ஈற்றுச் சொற்களில் நிலைமை இன்னும் மோசம். திரையில் ‘பக்கம்’, கையேட்டில் ‘பக்கத்தில்’. திரையில் ‘படம்’, கையேட்டில் ‘படத்தை’.

இரண்டாம் வேற்றுமையில் பொருளே மாறிவிடுவதும் உண்டு. ‘கோப்பு’ என்பது ஐகாரம் ஏற்றுக் ‘கோப்பை’ ஆகும். ஒரு கையேட்டில் ‘கோப்பை மூடுக’ என்று ஓர் அறிவுறுத்தல் தனித்து நிற்கிறது. தேநீர் விளையும் ஊரில் அதனை வேறு விதமாகவும் படிக்கலாம்.

ஒற்று மிகும் இடங்களும் இவ்வாறே. ‘சேமிப் பொத்தானை அழுத்துக’ என்பது புணர்ச்சி விதிக்கு உடன்பட முனைந்த ஒருவரின் வாக்கியம். அவர் ‘சேமிப்’ என்பது வரை தடித்த எழுத்தில் இட்டிருக்கிறார். திரையில் பகரமெய் இல்லை. மற்றொருவர் விதியை விடுத்துச் ‘சேமி பொத்தான்’ என எழுதியிருக்கிறார். முதலாமவர் இலக்கணத்தைக் காத்துத் திரையை இழந்தார். இரண்டாமவர் திரையைக் காத்து இலக்கணத்தை இழந்தார். தமிழாசிரியர்கள் இரண்டாவதைக் கண்டதும் சிவப்பு மையை எடுப்பர். ஆனால், கணினியின் முன் அமர்ந்திருக்கும் புதியவருக்கு இரண்டாவதே குறைந்த தீங்கு என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்விரண்டுள் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்னும் நிலை உண்மையில் இல்லை. அந்நிலையைத் தோற்றுவித்தது தடித்த எழுத்தே அனைத்தையும் செய்துவிடும் என்னும் நம்பிக்கை.

கையேட்டில் மட்டுமன்றி மென்பொருளினுள்ளும் இதே சிக்கல் நிலவுகிறது. பயனர் இட்ட பெயரை எடுத்துத் தன் வாக்கியத்தினுள் பொருத்திக் காட்டும் மென்பொருள், பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ‘ஐ’ என்னும் உருபினைத் தனியே நிறுத்துவதைத் தமிழ் இடைமுகங்களில் காண்கிறோம். ஒட்ட வேண்டிய உருபு ஒட்டாமல் அனாதையாக நிற்கும் அக்காட்சி, ஆங்கில வாக்கிய அமைப்பை அப்படியே பெயர்த்து வைத்ததன் விளைவு.

சம அகல எழுத்தைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. ‘ர’ வும் ‘ணௌ’ வும் ஒரே அகலத்தில் அடங்கும் எழுத்துமுறை அன்று தமிழ். தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த ஆர். முத்தையா போன்றோர் புள்ளியும் இகரக்குறியும் உருளையை நகர்த்தாத விசைகளாக அமைய வழி கண்டனர் என்பது தமிழ்ப் பொறியியலின் சிறப்பு. அதனை இன்று அச்சு நெறியாக மீட்டெடுக்க வேண்டியதில்லை. நான்கனுள் பழமையான கையேட்டில் ஒரு வேடிக்கை உண்டு. அது எட்டு பிட் குறியேற்ற எழுத்துருவில் அமைந்தது. தட்டச்சு செய்ய வேண்டிய தமிழ்ச் சொற்களை ஆங்கில நூல்களைப் பின்பற்றிக் ‘கூரியர்’ எழுத்துருவுக்கு மாற்றியிருக்கின்றனர். அக்காலக் குறியேற்றத்தில் எழுத்துரு மாறினால் எழுத்தே மாறிவிடும். ஆகவே, மாணவர் தட்டச்சு செய்து பழக வேண்டிய சொற்கள் அனைத்தும் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தாளில் நிற்கின்றன. ஒருங்குறி பரவிய பின் இவ்விபத்து நிகழ்வதில்லை.

உரையாசிரியர்கள் கண்ட வழி

திரைச்சொல்லை ஆசிரியர் கூற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது கணினியால் வந்த புதுத்தேவை என நாம் எண்ணுவோமாயின் அது பிழை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் பெயரியல், சொல்லானது பொருளையும் அறியச் செய்யும், தன்னையும் அறியச் செய்யும் என்று தெளிவாகவே பகுத்துரைக்கிறது. வடமொழியில் பாணினியும் இதே வேறுபாட்டை விதியாக வகுத்துள்ளார். ‘கோப்பு’ என்பது கணினியில் உள்ள ஆவணத்தைக் குறிக்கும்பொழுது பொருளை உணர்த்துகிறது. திரையின் மேற்பகுதியில் தோன்றும் அந்தச் சொல்லையே குறிக்கும்பொழுது தன்னை உணர்த்துகிறது. ‘கோப்பைத் திறக்க, கோப்பைச் சொடுக்குக’ என்னும் கையேட்டு வாக்கியத்தில் முன்னது பொருண்மை, பின்னது சொன்மை. தொல்காப்பியரின் பகுப்பு இவ்வாக்கியத்தைத் திருத்தப் போதுமானது.

இப்பகுப்பை நாள்தோறும் கையாண்டவர்கள் உரையாசிரியர்கள். சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் பரிமேலழகரும் எழுதியது ஓலையில். ஓலையில் தடித்த எழுத்து இல்லை, சாய்வெழுத்து இல்லை, மேற்கோட்குறி இல்லை, சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை, பல சுவடிகளில் மெய்க்குப் புள்ளியும் இல்லை. அவ்வோலையில் மூலத்தின் சொல்லையும் தம் சொல்லையும் கலவாமல் அவர்கள் நடத்திச் சென்றனர். அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவி ‘என’ என்னும் இடைச்சொல்லும் அதன் வழிப் பிறந்த ‘என்னும்’, ‘என்பது’, ‘என்றது’, ‘என்புழி’ முதலியனவும் ஆகும். இவை மூலச்சொல்லைத் திரியவிடாமல் காக்கின்றன. உருபு ‘என்பது’ என்னும் சொல்லின் மேல் ஏறிக்கொள்ளும். மூலச்சொல் தொடப்படாமல் நிற்கும். ‘கோப்பு என்பதில்’, ‘பக்கம் என்பதை’, ‘சேமி என்னும் பொத்தானை’. ஈறு கெடவில்லை, ஒற்று மிகவில்லை, இலக்கணமும் பிழைபடவில்லை. திரையில் உள்ளது உள்ளபடியே தாளில் நிற்கிறது.

கையேட்டை ஓர் உரையாகவும் திரையை அதன் மூலமாகவும் காணும்போது இத்தீர்வு தானே புலப்படும். இதனை நாம் பழம்பெருமை பேசுவதற்காகக் கூறவில்லை. அச்செழுத்து வேறுபாடே இல்லாத ஓர் ஊடகத்தில் பல நூற்றாண்டுகள் சோதிக்கப்பட்ட உத்தி, அச்செழுத்து வேறுபாடு சரிவர வாய்க்காத ஊடகத்திலும் பயன்படும் என்பதே நாம் சொல்வது. மேலும், தமிழ் இதில் தனித்த மொழியும் அன்று. ஜப்பானியக் கையேடுகள் சாய்வெழுத்தை நாடாமல் பட்டிச் சொற்களைப் பெரும்பாலும் சதுர அடைப்புக்குறிகளுள் இடுகின்றன. தம் எழுத்துக்கு இயைவது எதுவோ அதனை அவர்கள் கொண்டனர்.

வினைமுற்றிலும் தமிழுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தமிழாக்கம் பெற்ற இடைமுகங்களில் கட்டளைச் சொற்கள் பெரிதும் ‘திற’, ‘சேமி’, ‘அச்சிடு’ என ஏவல் ஒருமையில் அமைந்துள்ளன. இவை பயனர் பொறிக்கு இடும் கட்டளைகள். பொறிக்கு மரியாதைப் பன்மை வேண்டியதில்லை. கையேட்டாசிரியர் படிப்பவருக்குக் கூறுவதோ ‘திறக்க’, ‘அழுத்துக’, ‘தேர்க’ என வியங்கோளில் அமையலாம். இரண்டு குரல்களும் வினைமுற்றின் வடிவத்தாலேயே பிரிந்துவிடும். நாம் கண்ட கையேடுகளில் இவ்வாய்ப்பு வீணாகிறது. ஒரே பக்கத்தில் ‘அழுத்து’, ‘அழுத்தவும்’, ‘அழுத்துங்கள்’, ‘அழுத்துக’ என நான்கு வடிவங்கள் வருகின்றன. ‘அச்சிடு’ என்று எழுதியிருந்தால் அஃது ஆசிரியர் நமக்கு இடும் ஏவலா, திரையில் தேட வேண்டிய சொல்லா என்பது தெரிவதில்லை.

இனி, எழக்கூடிய மறுப்புகள். ‘என்பதை’, ‘என்னும்’ ஆகியவற்றை ஒவ்வொரு வரியிலும் எழுதினால் நடை கனத்துவிடும் என்பர். கனக்கும்தான். ஒரு பக்கத்தில் இருபது முறை ‘என்பதை’ வருவது செவிக்கு இனியதன்று. பட்டிச் சொல்லை ஒற்றை மேற்கோட்குறிக்குள் இட்டு, உருபு ஏலாத வகையில் வாக்கியத்தை அமைப்பதால் இதனைக் குறைக்கலாம். ‘சொடுக்குக: கோப்பு’ எனச் சொல்லை வாக்கியத்தின் இறுதிக்குக் கொண்டுசெல்வது ஒரு வழி. ஆனால், அழகுக்காகத் தெளிவைக் கைவிட முடியாத இடம் கையேடு. மருந்துச் சீட்டை நாம் நடைக்காகப் படிப்பதில்லை.

மலேசியச் சூழலில் திரை பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கிறது; தமிழ் இடைமுகம் அரிது; ஆகவே இச்சிக்கல் இங்குப் பொருந்தாது என்பது மற்றொரு மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. திரைச்சொல் உரோமன் எழுத்தில் இருக்குமாயின், அதனை உரோமன் எழுத்திலேயே தமிழ் வாக்கியத்தினுள் இடுவதுதான் நேர்மை. எழுத்துமுறை மாறுவதே அடையாளம். தடிப்பும் சாய்வும் மிகையே. ஆனால், கையேடுகள் இவ்வாறு செய்வதில்லை. தமிழ்ப்பற்றினால் உந்தப்பட்டுத் திரைச்சொல்லை மொழிபெயர்த்தோ ஒலிபெயர்த்தோ விடுகின்றன. ஆசிரியரின் திரையில் மலாய்ச் சொல் இருக்க, கையேட்டில் ‘சேமி’ என்றும், அடுத்த பக்கத்தில் ‘சேவ்’ என்றும் வருகிறது. தமிழில் எழுதுவது வேறு. திரையில் இல்லாத தமிழைத் திரையில் இருப்பதாக எழுதுவது வேறு. திரைச்சொல்லை உள்ளபடி காட்டி, அதன் தமிழ்ப்பொருளை அருகில் தருவதே கற்போருக்கும் கலைச்சொல்லுக்கும் நன்று. இங்கும் உருபு ‘என்பது’ மீதுதான் ஏற வேண்டும். உரோமன் எழுத்தின் வாலில் தமிழ் உருபை ஒட்டவைப்பது கண்ணுக்கும் ஒவ்வாது.

மூன்றாவது குரல் எஞ்சியுள்ளது. படிப்பவர் நிரப்ப வேண்டிய சொல்லை ஆங்கிலம் சாய்வெழுத்தாலோ கோண அடைப்புக்குறியாலோ காட்டும். நாம் கண்ட கையேடு ஒன்றில் ‘பள்ளியின் பெயர்’ என்பது கோண அடைப்புக்குறிகளுள் அச்சிடப்பட்டிருந்தது. அதன் பொருளை விளக்கும் மரபுப் பக்கம் அதில் இல்லை. பயிற்சியில் அமர்ந்த ஆசிரியர் ஒருவர் அடைப்புக்குறிகளையும் ‘பள்ளியின் பெயர்’ என்னும் சொற்களையும் அப்படியே தட்டச்சு செய்து வைத்திருந்ததை நாம் கண்டோம். அவர் அறிவுறுத்தலை மீறவில்லை. அச்சிட்டதை அப்படியே பின்பற்றினார். இதற்கும் தமிழில் வழி இல்லாமலில்லை. ஆவண மாதிரிகளில் ‘இன்னார் மகன் இன்னார்’ என எழுதும் வழக்கு உண்டு. ‘இன்ன’, ‘இன்னார்’ என்பவை பெயரை இட்டு நிரப்புக என்று சொல்லாமல் சொல்லும் சொற்கள். அவற்றினும் எளியது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவரும் அறிந்த கோடிட்ட இடம். தேர்வுத்தாளில் கோட்டைக் கண்டால் அதில் எழுத வேண்டியது தாமே என்பதை எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. கையேட்டாசிரியர்கள் தாம் நாள்தோறும் தயாரிக்கும் தேர்வுத்தாளின் மரபை விடுத்து, 1960ஆம் ஆண்டின் நிரல்மொழி அறிக்கையின் மரபை நாடியது வியப்பே.

இறுதியாக, இவ்வூர்ப் பள்ளிகளில் கையேடு பயன்படும் முறையைப் பற்றி ஒரு செய்தி. கணினிகள் போதாத வகுப்பில் ஆசிரியர் கையேட்டைக் கையில் ஏந்தி உரக்கப் படிக்கிறார். மாணவர் ஒருவர் விசைகளை அழுத்த, ஏனையோர் சுற்றி நின்று காண்கின்றனர். உரக்கப் படிக்கும்போது தடித்த எழுத்து ஒலிப்பதில்லை. சாய்வெழுத்தும் மேற்கோட்குறியும் ஒலிப்பதில்லை. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்களிலும் தடிப்பும் சாய்வும் பொதுவாகச் செவிக்கு எட்டுவதில்லை. ‘சேமி என்னும் பொத்தான்’ என்று எழுதியிருந்தால் ‘என்னும்’ காதில் விழும். விசைக்கு முன் நிற்கும் மாணவர் தேட வேண்டிய சொல் எது என்பதை அவ்வொலியே காட்டிவிடும்.